மிச்சத்திற்கு ஒரு பெயர்

குடிலில் வைக்கும் இடையர் சுரூபத்தின் கை முறிந்துபோயிற்று. எங்கள் பங்கு இளைஞர்கள் அதனை ஒட்டி, சிலிக்கோனில் அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் புதியதொன்றை வார்த்தார்கள். விழா முடிந்தபின், மிஞ்சியவற்றை "எங்கேனும் வையுங்கள்" என்று சொன்னவன் நானே.

கோடையில் அலமாரியைத் திறந்தோம். சாந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகியிருந்தது. சிலிக்கோன் கூழின் மூடியும், அதனை இறுகச்செய்யும் திரவத்தின் மூடியும் இடம் மாறியிருந்தன. கூழின் வாய் இறுகிக் கிடந்தது. மடித்துத் திணித்த அச்சு கோணியிருந்தது. வார்ப்பொன்றை உள்ளே இட்டுச் சமதளத்தில் வைத்திருந்தால் உருவம் கெட்டிராது. குழாயிலிருந்த ஒட்டுப்பசை ஒன்றே பிழைத்தது. யாரோ ஒருவர் அதன் முனையில் ஆணியைச் செருகி வைத்திருந்தார்!

இவை பண நட்டங்கள். என் உறக்கத்தைக் கெடுத்தது வேறு. கல்வராயன் மலையிலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கிப் பயிலும் சிறுவன் ஒருவன், தாகத்தால் அங்கிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்தான். உள்ளிருந்தது தின்னர். அதன் வாடையே அவனைத் தடுத்தது.

வாடை தடுக்காவிடில் என்னாகும் என்பதைக் கள்ளக்குறிச்சி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மெத்தனால் ஆலைகளில் பயன்படும் கரைப்பான். பார்வையாலோ மணத்தாலோ குடிப்பவர் அதனைப் பிரித்தறிய இயலாது. அங்கே இலாபத்திற்காகச் செய்த கொடுமை, இங்கே என் சோம்பல். இரண்டையும் ஒன்றென்று கூறேன். நோக்கத்தை எடைபோடக் குருமடத்தில் கற்றிருக்கிறேன். ஆனால் புட்டியை வாய்க்குக் கொண்டுபோகிறவனுக்கு நம் நோக்கம் தெரியாது. தண்ணீர்ப் புட்டி 'நான் தண்ணீர்' என்கிறது. அந்தப் பொய்யை நான் வாயால் சொல்லவில்லை, சொல்லும்படி விட்டுவைத்தேன். கடமையில் தவறுதல் என்பது இதுதானே?

நம் ஊர் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் பட்டறையில் மிஞ்சும் மரத்துண்டு தன்னை மறைப்பதில்லை. எவர் எடுத்தாலும் அது மரம். இரசாயனங்களுக்கு அந்த நேர்மை கிடையாது. அவற்றுக்காக நாம்தான் பேசவேண்டும்.

ஆகவே சீட்டுகள் ஒட்டினோம்: பொருளின் பெயர், திறந்த தேதி, எதனோடு சேரக்கூடாது என்பது. மிஞ்சிய கூழையும் திரவத்தையும் உரிய அளவில் கலந்து, இறுகிய கட்டியாக்கியே அப்புறப்படுத்தினோம். வாய்க்காலில் ஊற்றினால் அது கோமுகி ஆற்றுக்கல்லவா போய்ச் சேரும்! என் ஏற்பாட்டில் நான் சற்றே பெருமிதம் கொண்டிருந்தபோது விடுதிச் சமையலம்மா கேட்டார்: "சாமி, எழுதி ஒட்டிட்டீங்க. படிக்கத் தெரியாத எனக்கு அது என்ன சொல்லும்?"

தின்னரைத் தகரக் கலனுக்கு மாற்றி, அலமாரிக்குப் பூட்டும் வாங்கினேன். வரும் மே மாதம் எனக்கு மாற்றல் வரக்கூடும். திருமுழுக்குப் பதிவேடுகளோடு அந்தச் சாவியையும் அடுத்த பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கவேண்டும். இரண்டாம் தட்டில் தின்னர் இன்னும் பாதிக் கலன் இருக்கிறது.