நெஞ்செலும்பின் பின்னால்

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவில் ஓர் அம்மாளுக்குச் சாயங்காலமானால் கண்ணிமை தொங்கிவிடும். காலையில் ஒன்றுமிராது, விளக்கு வைக்கும் நேரத்தில் இமை கனக்கும், சாதத்தை மெல்லத் தாடை ஓயும். திருஷ்டி கழித்துப் பார்த்தார்கள். பிறகு கூவத்தைத் தாண்டி, 1819ல் ஏற்பட்ட எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள். கோளாறு கண்ணில் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே கிடக்கும் தைமஸ் சுரப்பியில் ஒரு கட்டி!

வியாதியின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாக எட்டுவதில்லை. இதில் அவதிப்படுவோரில் 100க்கு 10, 15 பேருக்குத் தைமஸில் கட்டி இருக்கும். அபூர்வமான கட்டி. எலும்பைப் பிளந்து எடுப்பார்கள். இப்போது சிறு துளை வழியாகவும் எடுக்கிறார்கள்.

என்னைக் குடைவது வேறொன்று. முழுக்கத் தெரியாத இடத்தில் கத்தி வைப்பது தர்மமா? 1936ல் அமெரிக்காவில் ஆல்பிரட் பிளேலாக் என்ற சர்ஜன், இந்நோயால் வாடிய ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்தார். அவள் தேறினாள். அந்தச் சுரப்பியின் வேலை என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது. நோய் எதிர்ப்புக்கு அது ஆதாரம் என்று ஜாக் மில்லர் காட்டியது 1961ல். கட்டி இல்லாத நோயாளிக்கும் சுரப்பியை எடுத்தால் நன்மை உண்டு என்று முறையான சோதனையில் தெளிந்தது 2016ல். எண்பது வருஷம்!

'தெரியும்' என்று செய்தவர்கள் கதையையும் கேளுங்கள். மருத்துவர்கள் அறுத்துப் படித்த பிணங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பசியிலும் நோயிலும் தைமஸ் சுருங்கிவிடும். சுருங்கிய அளவே இயல்பென்று எழுதி வைத்தார்கள். உண்டு வளர்ந்த குழந்தையின் தைமஸ் 'வீக்கம்' ஆகிவிட்டது. மூச்சை அடைத்துவிடுமென்று பயந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மார்பில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். அப்படிப்பட்ட சிலருக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்ததை 1950ல் இரண்டு டாக்டர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

இரு தரப்பாரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆகவே நல்லெண்ணம் இங்கே அளவுகோல் ஆகாது. பலனோ முன்கூட்டித் தெரிவதில்லை. எனக்குப் படும் வித்தியாசம் ஒன்றுதான். பிளேலாக்கின் எதிரே இருந்தவள் நிஜமாகவே அவதிப்பட்டாள், 'செய்யட்டுமா?' என்று அவளைக் கேட்க முடியும். குழந்தைகளிடம் வியாதியே இல்லை, புத்தகத்தில் இருந்தது.

இப்போது சர்ஜன், நரம்பு வைத்தியர், கதிர் வைத்தியர் எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் டாக்டர் சொல்வதை நின்று கேட்பவர் புருஷன். முடிவு சொல்பவன் மூத்த பிள்ளை. அவளிடம், "ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள்.