கேட்காமல் வந்த பார்சலுக்குக் கை நீட்டாதீர்கள்

"நாங்க எதுவும் ஆர்டர் போடலையே தம்பி." வாசலில் நின்று இதைச் சொல்ல நம் வீடுகளில் இப்போது ஆளில்லை. பகல் பதினொன்றரைக்கு மணி அடிக்கிறது. மகன் ஆபீஸில், மருமகள் வேலைக்குப் போயாயிற்று, வீட்டில் இருப்பது மாமியார் மட்டும். பெட்டிமேல் மகன் பெயர் சரியாக இருக்கிறது. கதவு எண், தெரு, செல் நம்பர் எல்லாம் சரி. "649 ரூபாய்மா, கேஷ் ஆன் டெலிவரி." மகன் மீட்டிங்கில் இருப்பானே என்று போன் செய்யத் தயங்கி, அரிசி டப்பாவில் வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். சாயந்திரம் பிரித்துப் பார்த்தால் ஓடாத வாட்ச் ஒன்று, இல்லையென்றால் நாலாக மடித்த பழந்துணி.

அனுப்பியவன் சாமர்த்தியசாலி. தொகையை ஆயிரத்துக்குள் வைக்கிறான். அறுநூறு ரூபாய்க்காக யாரும் ஸ்டேஷன் படி ஏறமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எங்கிருந்தோ கசிந்த பெயரும் முகவரியும் அவன் கையில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய முதல் ஒன்றும் இருக்கிறது: ஒரே கூரையின்கீழ் இருக்கிற நாம், என்ன வாங்குகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. மகன் போட்டிருப்பான் என்று அப்பா நினைக்கிறார், மனைவி போட்டிருப்பாள் என்று மகன் நினைக்கிறான். அந்த இடைவெளியில் பணம் போய்விடுகிறது.

தீபாவளித் தள்ளுபடி வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இன்று ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பார்சல் வருவதாக இருந்தால் காலையிலேயே பெரியவர்களிடம், என்ன பொருள், எவ்வளவு பணம், கட்டியாயிற்றா என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாத பொருளுக்குக் காசு கிடையாது என்பது வீட்டுச் சட்டமாகட்டும். சந்தேகத்தில் அம்மா போன் செய்தால், மீட்டிங் நடுவிலும் எடுங்கள். "இதுக்கெல்லாமா கூப்பிடுவே" என்று எரிந்து விழாதீர்கள். பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பயந்தே பல பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாம்.

பெட்டியைக் கொண்டுவந்த பையனைத் திட்டுவதும் தகாது. உள்ளே இருப்பது வாட்ச்சா துணியா என்று பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் அவன் ரிட்டர்ன் போட்டுவிட்டுப் போய்விடுவான். வெயிலில் வந்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். ஓடிபியை மட்டும் கொடுக்காதீர்கள். "கேன்சல் பண்ணணும், மெசேஜில் வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று போனில் இன்னொருவன் பேசுவான். நீங்கள் போடாத ஆர்டரை நீங்கள் எதற்காகக் கேன்சல் செய்ய வேண்டும்? ஸ்டார், ஹேஷ் சேர்த்து ஏதோ ஒரு எண்ணை அழுத்தச் சொன்னால் அப்போதே போனை வையுங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொருவன் போனுக்குத் திருப்பிவிடும் வித்தை அது. அதன்பிறகு வங்கி சொல்லும் ஓடிபி நேராக அவன் காதில் விழும். இந்த ஏமாற்று பெருகியதால்தான், அப்படி எண் அழுத்தித் திருப்பும் வசதியையே 2024 ஏப்ரல் முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை செல்போன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

சரி, காசே கேட்காமல் வந்தால்? இங்கேதான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். 'சும்மா கிடைத்ததுதானே' என்று பார்சலில் இருந்த மோதிரத்தை மாட்டிக்கொள்கிறார்கள். 'பிரஷிங்' என்ற தந்திரம் இது. ஆன்லைன் கடைக்காரன் ஒருவன் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, தன் சரக்கைத் தானே வாங்கி, மலிவாக ஏதோ ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறான். பார்சல் போய்ச் சேர்ந்தது என்று பதிவானதும், உங்கள் பெயரிலேயே ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்கிறான். எங்கோ ஒரு தாய் அதைப் படித்து நம்பிக் குழந்தைக்குப் பொம்மை வாங்குகிறாள். அந்தப் பொய்ச்சாட்சியில் உங்கள் பெயர் இருக்கிறது. சும்மா இருப்பது சம்மதமாகிவிடும். அந்தத் தளத்துக்கே நேராகச் சொல்லி அந்த மதிப்புரையை நீக்கச் சொல்லுங்கள். உள்ளே கியூஆர் கோடு அச்சிட்ட அட்டை இருந்தால், 'யார் அனுப்பியது' என்று அறியும் ஆசையில் ஸ்கேன் செய்யாதீர்கள்.

2020 ஜூலையில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்தன, பல பொட்டலங்கள் சீன அஞ்சல் முத்திரையோடு. கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி என்று அந்நாட்டு வேளாண் துறை அடையாளம் கண்டது. பிரஷிங் என்பதற்கு மேல் வேறு சதிக்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. ஆனாலும் ஆர்கன்சாவில் ஒருவர் விதைத்தே பார்த்துவிட்டார். வளர்ந்த செடியை அதிகாரிகள் வந்து பிடுங்கிப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. பார்த்தீனியத்தோடும் சீமைக் கருவேலத்தோடும் மல்லுக்கட்டும் ஊர்க்காரர்களுக்கு அந்நிய விதையின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. அறியாத விதை வந்தால் மண்ணிலும் போடாதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள்; பொட்டலத்தோடு வேளாண் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

'வீட்டுக்கு வந்தது நமக்கே சொந்தம், சட்டமே சொல்கிறது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது அமெரிக்கச் சட்டம். அங்கே கேட்காமல் தபாலில் வந்ததைப் பரிசாகவே வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 70ஆம் பிரிவு, வேறு மாதிரி பேசுகிறது: வியாபாரி தவறுதலாக ஒரு வீட்டில் விட்டுப்போன சரக்கை வீட்டுக்காரர் தன்னுடையதாக எடுத்துக்கொண்டால் விலை கொடுத்தே ஆக வேண்டும். இந்த உதாரணத்தைச் சட்டமே தருகிறது. ஏமாற்றுக்காரன் இதைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது. ஆனால் எதிர்வீட்டுப் பெண்ணின் புடவைப் பார்சல் உங்களிடம் வந்து சேர்ந்தால், பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்றா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அதை நிறுத்திவைக்கும் வாய்ப்புக் குறையும். கையில் கொடுத்த 649 ரூபாய்க்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதே அனுப்புநர்மேல் பத்து ஊர்களிலிருந்து புகார் வந்தால்தான் அது விசாரணைக்குரியதாகத் தெரியும். அதற்கு லேபிள் வேண்டும். படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் பெயரும் நம்பரும் இருக்கும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.