நமதல்லாத காணிக்கை

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் கார்கள் பலவற்றின் டேஷ்போர்டில் ஒரு தெய்வம் இருக்கும். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, 786 என்று வண்டிக்கு வண்டி மாறும். புது வண்டி வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் பலரும் வீட்டுக்கு ஓட்டி வருகிறார்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் சுப்ரபாதமோ சீர்காழி கோவிந்தராஜனின் குரலோ ஒலிக்கிறது. காரை ஓடும் பூஜையறையாகவே நாம் வைத்திருக்கிறோம். அதனால், கம்பெனி ஸ்டீரியோவோடு ஒரு ஆம்ப்ளிஃபையரைச் சேர்ப்பது மின்சார வேலையோடு முடிந்துவிடாமல் ஒரு சமயக் கேள்வியையும் கிளப்புகிறது. பக்தியோடு எழுப்பும் ஒலி எதுவரை போகலாம்? தனக்குச் சொந்தமானதைத்தான் ஒருவர் தெய்வத்துக்குப் படைக்க முடியும். அடுத்தவருடைய அமைதி நமக்குச் சொந்தமில்லை. இதுவே என் வாதம்.

ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கம்பெனி ஸ்டீரியோவின் வரம்பு கார் பேட்டரியிலேயே தொடங்குகிறது. என்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 20 வாட் அளவுக்குத்தான் அதனால் சுத்தமாகத் தர முடியும். அதற்கு மேல் வால்யூமைத் திருகினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு நாதஸ்வரம் கரகரக்கும்; தவில் அடி விழும்போதெல்லாம் குரல் மங்கும். தனி ஆம்ப்ளிஃபையர் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியே மின்சாரத்தை எடுத்து, தனக்குள்ளேயே வோல்டேஜை உயர்த்திக்கொள்கிறது. பழைய ஸ்டீரியோவைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே பாட்டை வாங்கிக்கொள்ளும் வசதி பல ஆம்ப்ளிஃபையர்களில் உண்டு. ஆனால் வாட் கூடும் வேகத்தில் சத்தம் கூடுவதில்லை. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஆகவே 20 வாட் இருந்த இடத்தில் 60 வாட் வைப்பவருக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் தெளிவு. பாடியவரின் மூச்சு, சொல்லின் கடைசி மெய்யெழுத்து, தம்பூராவின் கார்வை எல்லாம் சிதையாமல் காதுக்கு வந்து சேர்கின்றன. வள்ளுவர் ‘கேள்வி’க்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பாட்டைப் பழுதில்லாமல் கேட்க ஆசைப்பட்டுச் செய்யும் செலவை வீண் ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனமில்லை.

சிக்கல், தாழ்ந்த ஒலிக்கென்றே வைக்கும் சப்வூஃபரில் தொடங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். காரின் கண்ணாடியும் தகடும் உயர்ந்த சுரங்களை ஓரளவு தடுத்துவிடும். இந்தத் தாழ்ந்த ஒலியை அவற்றால் தடுக்க முடியாது. செங்கல்பட்டின் குறுகிய தெருவொன்றில் அப்படி ஒரு கார் நின்றால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல்லவி கேட்காது, ராகம் கேட்காது, சாமியின் பெயரும் கேட்காது. நெஞ்சில் மோதும் ‘தும் தும்’ மட்டும்தான் கேட்கும். ஓடுவது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டா, நேற்று வெளியான சினிமாப் பாட்டா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ‘நாலு பேர் காதில் நாமம் விழட்டுமே’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாமம் காருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தெருவுக்கு வருவது வண்டிக்காரரின் வலிமை மட்டும்தான்.

பெருக்கத்தையும் பக்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கதை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பெரியபுராணத்துப் பூசலார் திருநின்றவூர்க்காரர். பொருள் திரட்ட முடியாமல் மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார். அதே காலத்தில் காடவர் கோமான் காஞ்சியில் கற்றளி எழுப்பினான். அந்த அரசன் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் கட்டிய இராசசிம்ம பல்லவன் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இரண்டு கோயிலுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு. இறைவன் அரசனின் கனவில் வந்து, தான் அன்று பூசலார் கோயிலுக்குள் புகப்போவதாகவும், அவன் வேறொரு நாள் குறித்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். இந்தக் கதையைக் கல்லுக்கு எதிராக வாசிப்பது தவறு. கற்றளியை இறைவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நாளை மட்டும் மாற்றினார். அளவு பெரிதாக இருப்பது குற்றமல்ல. ஆனால் அளவு பெரிது என்பதற்காக முன்னுரிமை கிடைக்காது. ஓசையே எழாத ஒரு வழிபாடு முழுமையாகச் சென்று சேர்ந்தது என்றால், சத்தத்தைக் கூட்டினால்தான் சாமிக்குக் கேட்கும் என்ற எண்ணத்துக்குச் சைவ மரபில் இடமே இல்லை.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு: நம் வழிபாடு என்றைக்கு அமைதியாக இருந்தது? மணி, சங்கு, பறை, உடுக்கை, தவில், அதிர்வேட்டு எல்லாமே ஓங்கி ஒலிப்பவைதானே? உண்மைதான். அவை ஓய்ந்துபோன தெருவில் வாழ நானும் விரும்பமாட்டேன். ஆனால் பறை அடிப்பவரின் கை சோரும், நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவார். காப்புக் கட்டிய நாள் ஒன்று இருந்தால் அவிழ்க்கும் நாளும் உண்டு. ஊர் கூடிப் பேசி, வரி போட்டு, தேதி குறித்து எழுப்பும் ஒலி அது. கேட்பவர்களில் பெரும்பாலோர் அதில் பங்காளிகள். காருக்குக் காப்புக் கட்டும் நாள் கிடையாது, பேட்டரிக்கு மூச்சும் வாங்காது. சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொது இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்டிகைக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதே ஆண்டு சென்னை மாதவரம் பகுதியின் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவுமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு ஒரு தேவாலயத்தைப் பற்றியது. தீர்ப்பின் நியாயம் கோயிலுக்கும் மசூதிக்கும் அப்படியே பொருந்தும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. திருக்கோட்டியூரில் ராமானுஜர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோருக்கும் அறிவித்தார் என்பது வைணவ மரபு. நமக்குத் தெரிந்த முதல் ஒலிபெருக்கி அவர்தானே என்று ஒருவர் கேட்கலாம். நான் அந்தக் கதையின் பக்கம்தான் நிற்கிறேன். அவர் மேலே ஏறியது, பூட்டிவைத்த ஒன்றைத் திறந்துவிட. கேட்க ஏங்கியவர்களுக்கு அதுவரை மறுக்கப்பட்டதைக் கொடுக்க. அதற்கான விலையையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்: குருவின் கட்டளையை மீறியதால் நரகமே கிடைத்தாலும் தான் ஒருவன் போவதில் குறையில்லை என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டை அலறவிடும் காரிலோ கணக்கு தலைகீழ். இன்பம் ஓட்டுபவருக்கு, விலையைக் கொடுப்பது நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குபவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, நோயில் கிடக்கும் பாட்டி.

‘சத்தம் என்று முகம் சுளிப்பது வசதியுள்ளவர்களின் வழக்கம், ஏழைகளின் சாமியை ஒடுக்கவே இந்தப் பேச்சு’ என்ற குற்றச்சாட்டையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா மேல் புகார் கொடுத்துவிட்டு, கடற்கரை ரிசார்ட்டில் விடிய விடிய ஓடும் டிஜே இசையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது அநீதிதான். ஆனால் யார் காது அதிகம் அடிபடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஏசி போட்டு ஜன்னலை அடைத்துக்கொள்பவருக்கு ஒரு தடுப்பாவது உண்டு. மீனவர் குப்பத்தின் கூரை வீட்டுக்கு அதுவும் இல்லை. கூழ் ஊற்றும் தெருவில் மைக்செட் வாடகைக்கு எடுத்தது அந்தத் தெரு. அதே தெருவுக்குள் நடுராத்திரியில் சப்வூஃபர் காரில் வருபவர் பெரும்பாலும் அந்தத் தெருக்காரராக இருக்கமாட்டார்.

பிறருக்காகச் சத்தத்தைக் குறைப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியில் பறவைகள் வந்து தங்கும் என்பதால் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது, அதனால் இது சுயநலம் என்று சொல்லலாம். இருக்கட்டும். நன்மை எங்கிருந்து வருகிறது என்று அறிந்து அதற்காக ஒன்றை விட்டுக்கொடுப்பதும் வழிபாட்டின் பகுதிதான். அந்த ஊர்களில் தீபாவளி கொண்டாடப்படாமல் போய்விடவில்லை.

ஆகவே ஆம்ப்ளிஃபையர் பொருத்திக்கொள்பவர் கடைக்காரரிடம் இரண்டு வேலை சொல்லலாம். கெயினை ஏற்றிவைப்பதற்கு முன், நான்கு கதவுகளையும் அடைத்துப் பாட்டை ஓடவிட்டு, வண்டிக்கு வெளியே சில அடி தள்ளி நின்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே அதிர்வு எட்டினால் பாஸைக் குறைக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்தில் பாஸுக்குத் தனித் திருகு ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். திருக்கழுக்குன்றத்து மாட வீதிக்குள் வண்டி திரும்பும்போது குறைத்துக்கொள்ளலாம்.