பாறையில் எழுதிய பழி

2017-ஆம் ஆண்டு நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் நகரம். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு க்ரெக் ஷியானோ தலைமைப் பயிற்சியாளராக வரப்போகிறார் என்ற செய்தி பகலில் கசிந்தது. இரவுக்குள் அந்தப் பேச்சே முடிந்துபோனது. இடைப்பட்ட சில மணி நேரத்தில் மாணவர்களும் ரசிகர்களும் கூட்டமாகத் திரண்டார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்த நியமனத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பெரும் பாறை இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து, விழா அறிவிப்பு என்று மாணவர்கள் அதில் வண்ணம் பூசி எழுதுவது வழக்கம். சிறுவர்கள் மீது நடந்த பாலியல் கொடுமையை மூடிமறைத்தவர் ஷியானோ என்று அன்று அந்தப் பாறையில் எழுதிவைத்தார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதி முடித்திருந்த நிலையிலும் பல்கலைக்கழகம் பின்வாங்கியது.

அன்று நாக்ஸ்வில்லில் நடந்தது அநீதி. அதை மக்களின் வெற்றி என்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில், பயிற்சியாளர்களை நீக்கி ஆளமர்த்தும் பருவம் வந்ததும், விரும்பாத பெயர் ஒன்று காதில் விழுந்தால் ‘டென்னஸியில் செய்தது போல் செய்வோம்’ என்ற எண்ணம் ரசிகர்களிடம் தலைதூக்குகிறது. ஓர் அநீதி முன்மாதிரியாகிவிட்டது. இதைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். அதில் கல்லூரி அணிகளுக்கு அங்கே உள்ள மதிப்பு நமக்கு வியப்பளிக்கும். டென்னஸி பல்கலைக்கழகத்தின் நேலண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரிலேயே மிக அதிகம் பெறுபவர் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்தான். 1998-இல் தேசியப் பட்டம் வென்ற டென்னஸி அணி 2017-இல் எட்டு ஆட்டங்களில் தோற்றது. அதன் வரலாற்றில் ஒரே பருவத்தில் எட்டுத் தோல்வி அதுவே முதல் முறை. பயிற்சியாளர் புட்ச் ஜோன்ஸ் பருவம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். ரசிகர்கள் நொந்துபோயிருந்தார்கள்.

அந்த நேரத்தில் வந்த பெயர் ஷியானோ. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பதினொரு பருவங்களில் 68 வெற்றி, 67 தோல்வி. டாம்பா பே தொழில்முறை அணியில் இரண்டு பருவங்களில் 11 வெற்றி, 21 தோல்வி. ரசிகர்களுக்கு இது போதவில்லை. போதவில்லை என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இன்ன வேலையை இன்ன வழியில் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்த பிறகே அவனிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும் என்று வள்ளுவரும் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் வழி சொல்கிறார். அந்த அளவுகோலோடு அவர்கள் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அவர்கள் கையிலெடுத்தது வேறொன்றை.

பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாக 2011 நவம்பரில் கைதானார். மறு ஆண்டு 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி, 30 முதல் 60 ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றார். 1990 முதல் 1995 வரை அதே பென் ஸ்டேட்டில் இளம் உதவியாளராக இருந்தவர் ஷியானோ. பல்கலைக்கழகத்துக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கின் ஆவணங்கள் 2016 ஜூலையில் வெளிவந்தன. மைக் மெக்குவேரி என்ற முன்னாள் உதவிப் பயிற்சியாளரின் வாக்குமூலம் அவற்றில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாண்டஸ்கி தொடர்பாக ஷியானோ ஏதோ பார்த்ததாக டாம் பிராட்லி என்ற இன்னொரு பயிற்சியாளர் தன்னிடம் சொன்னார் என்பது அந்த வாக்குமூலம். ஒருவர் கண்டதாக இன்னொருவர் சொன்னதாக மூன்றாமவர் சொன்னது. கண்டதாகச் சொல்லப்பட்டவரும் மறுத்தார், சொன்னதாகச் சொல்லப்பட்டவரும் மறுத்தார். ஷியானோ மீது எந்த வழக்கும் இல்லை. பென் ஸ்டேட் விவகாரத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஃப்ரீ அறிக்கையில் அவர் பெயர் இல்லை. பாறையில் எழுதிய சொற்களுக்கு இருந்த ஆதாரம் இவ்வளவுதான்.

எந்தச் சொல்லை எவர் வாயிலிருந்து கேட்டாலும் அதற்குள் இருக்கும் மெய்யைத் துருவிப் பார்ப்பதே அறிவு என்பது ‘அறிவுடைமை’ அதிகாரத்தின் உயிர்நாடி. அந்தத் துருவலுக்கு நாக்ஸ்வில்லில் ஒரு பகல்கூடக் கிடைக்கவில்லை. துருவிப் பார்த்திருக்க வேண்டிய ஒரு செய்தி கண்முன்னே இருந்தது. அந்த வாக்குமூலம் வெளிவந்து பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினாறு மாதமும் ஷியானோ ஒஹாயோ ஸ்டேட் அணியின் தற்காப்புப் பயிற்சியாளராக, நாடே பார்க்கும் பெரிய ஆட்டங்களில், களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். டென்னஸி ரசிகர்களில் எத்தனை பேருக்கு அப்போது சிறுவர்கள் நினைவு வந்தது? தங்கள் அணிக்கு வரப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளில்தான் வந்தது.

அதே ரசிகர்கள் பல ஆண்டுகளாக இன்னொரு வதந்தியை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜான் க்ரூடன் வருவார் என்பது அந்த வதந்தி. சூப்பர் பௌல் வென்ற பயிற்சியாளர். இளமையில் டென்னஸியில் உதவியாளராக இருந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்து மாணவியையே மணந்தவர். பயிற்சியாளர் பதவி காலியாகும் போதெல்லாம் அவர் பெயர் அடிபடும். அவர் வரவே இல்லை. 2018 ஜனவரியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்குப் போனார். இனவெறியும் பெண் வெறுப்பும் நிறைந்த அவருடைய பழைய மின்னஞ்சல்கள் வெளியானதால் 2021 அக்டோபரில் அந்தப் பதவியிலிருந்தும் விலகினார். விரும்பியவரைப் பற்றிய வதந்திக்கு அந்த ரசிகர்கள் சான்று கேட்கவில்லை. வெறுத்தவரைப் பற்றிய வதந்திக்கும் கேட்கவில்லை. ஆசையும் வெறுப்பும் சான்றின் இடத்தில் அமர்ந்துவிட்டன. அயலார் குற்றத்தைத் தேடும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் தேட முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கே இராது என்ற பொருளில் ‘புறங்கூறாமை’ அதிகாரத்தை வள்ளுவர் முடிப்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பும் ஒன்றுமில்லாதது அல்ல. பென் ஸ்டேட்டில் பெரியவர்கள் மௌனமாக இருந்ததால்தான் சிறுவர்கள் சிதைந்தார்கள். 2001-இல் சாண்டஸ்கியிடம் மெக்குவேரி கண்ட கொடுமை மேலதிகாரிகள் வரை போயும் காவல்துறைக்குப் போகவில்லை. குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கியதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் இரு அதிகாரிகளும் 2017-இல்தான் தண்டனை பெற்றார்கள். ஆகவே, சிறு ஐயம் இருந்தாலும் கேள்வி கேட்டே தீர வேண்டும் என்ற பதற்றம் நியாயமானது. கேள்வி கேட்டிருக்கட்டும். பல்கலைக்கழகம் என்ன விசாரித்தது, யாரிடம் விசாரித்தது என்று ஆயிரம் பேர் வாசலில் நின்று கேட்டிருக்கட்டும். பாறையில் எழுதியதில் கேள்விக்குறி இல்லை. அது தீர்ப்பு.

விசாரியாத தீர்ப்பு எவ்வளவு பெரிய கேடு என்பதைத் தமிழ் மரபு மிகுந்த வலியோடு பதிவு செய்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவதற்கு ஒரு பொற்கொல்லனின் சொல் போதுமானதாக இருந்தது. அரசன் எதிரிலே நின்றவனின் பேச்சை நம்பினான். எதிரில் இல்லாதவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிமேகலையில் காஞ்சனன் தன் மனைவி காயசண்டிகையின் உருவில் இருந்த மணிமேகலையைக் கண்டு, தன் மனைவி என்றே எண்ணி உதயகுமரனை வெட்டுகிறான். தன் கண்ணால் கண்டதே அவனை ஏமாற்றியது. கண்ட காட்சியே இப்படிப் பிழைபடும் என்றால், இரண்டு வாய் மாறி வந்த பேச்சை என்னவென்பது? ‘செங்கோன்மை’ அதிகாரம் அரசனுக்கு முதலில் விதிப்பது குற்றத்தை ஆராய்வதைத்தான். தண்டனை அதற்குப் பின்னால் வருகிறது.

பொற்கைப் பாண்டியன் கதை இன்னும் நெருக்கமானது. கணவன் வெளியூர் போயிருந்த ஒரு பெண்ணின் வீட்டைக் காவல் காத்து வந்த மன்னன், ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தவன் திரும்பி வந்த கணவன். நள்ளிரவில் அந்த வீட்டுக் கதவு மட்டும் தட்டப்பட்டால் அந்தப் பெண்மீது ஐயம் விழுமே என்று தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கதவுகளையும் தட்டிக்கொண்டே போகிறான். மறுநாள் அவையில், தவறு செய்தது இந்தக் கை என்று சொல்லி அதை வெட்டிக்கொள்கிறான். ஐயம் என்பது ஒரு வீட்டின்மேல் விழுந்தால் எளிதில் போகாது என்று அந்த மன்னனுக்குத் தெரிந்திருந்தது. நாக்ஸ்வில்லில் ஒரே ஒரு வீட்டின் கதவைத்தான் எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அந்த வீட்டிலும் மனைவி மக்கள் உண்டு.

இதைவிடக் கொடிய பிழை ஒன்று உண்டு. அது சாண்டஸ்கியிடம் சிக்கிய பிள்ளைகளுக்குச் செய்த பிழை. அவர்கள் பட்ட துன்பத்துக்காகப் பென் ஸ்டேட் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியிருக்கிறது. அவர்களில் ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் நின்றோ, வழக்கறிஞர் முன் அமர்ந்தோ, சொல்ல நா எழாததைச் சொல்லி நிலைநாட்ட வேண்டியிருந்தது. அவர்களுடைய சொல் விசாரணையைத் தாங்கி நின்றது. அதனால்தான் அதற்கு மதிப்பு. அப்படிப்பட்ட துயரத்தை, பிடிக்காத பயிற்சியாளரை விரட்டும் தடியாக எடுத்துச் சுழற்றியது அந்தப் பிள்ளைகளுக்கு எந்த வகையில் துணை? நாளை வேறொரு பிள்ளை உண்மையான குற்றச்சாட்டோடு வரும்போது, இதுவும் பந்தாட்டப் பகைதானே என்று கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கும். பொய்ச்சான்று இப்படித்தான் மெய்ச்சான்றின் வாயை அடைக்கிறது.

பல்கலைக்கழகத்தின் குற்றமும் சிறிதல்ல. விளையாட்டுத்துறை இயக்குநர் ஜான் கரி மறுநாள் வெளியிட்ட அறிக்கையில், ஷியானோவின் பின்னணியைக் கவனமாக ஆராய்ந்ததாகவே சொன்னார். ஆராய்ந்து தெளிந்திருந்தால் அந்தத் தெளிவில் நின்றிருக்க வேண்டும். ஆராயாமல் நம்புவது, நம்பிய பிறகு ஐயப்படுவது ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்று ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறள் எச்சரிக்கிறது. நாக்ஸ்வில் நிர்வாகம் இரண்டாவதைச் செய்தது. அந்த வாரமே கரியும் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1998-இல் பட்டம் வென்று தந்த பில் ஃபுல்மர் அவர் இடத்துக்கு வந்து, ஜெரமி ப்ரூயிட்டைப் பயிற்சியாளராக்கினார். ஆள்சேர்ப்பு விதிமீறல்களுக்காக 2021 ஜனவரியில் ப்ரூயிட் நீக்கப்பட்டார். 2023-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. இதை வினைப்பயன் என்று கைதட்டுவது முறையல்ல. ப்ரூயிட் நான்கு கோப்பைகளை வென்று தந்திருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது அநீதியாகவே இருந்திருக்கும். வெற்றியைக் காட்டி அறத்தை அளப்பவர்கள்தான் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

ரசிகர்கள் பேசவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். பேசலாம். இதே ஷியானோவின் வாழ்க்கையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 2019 நவம்பரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைப்பதற்கு நடத்திய பேச்சு முறிந்தது. அவரை அறிந்த ரசிகர்கள், பதினொரு ஆண்டுகள் அவர் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், விடாமல் குரல் கொடுத்தார்கள். சில நாட்களில் பேச்சு மறுபடி தொடங்கி, டிசம்பரில் அவர் பொறுப்பேற்றார். அந்தக் குரலுக்குப் பின்னால் அறிமுகம் இருந்தது, நேரில் கண்ட உழைப்பு இருந்தது. எவர் மீதும் பழி இல்லை.

2017-இல் நாக்ஸ்வில் வளாகத்தில் நின்ற மாணவர்கள் இன்று முப்பதை ஒட்டிய வயதினர். வேலை, குடும்பம் என்று ஆகியிருப்பார்கள். சிலர் பிள்ளை பெற்றிருப்பார்கள். தங்கள் பெயருக்கு எதிராக யாரோ சொன்னதாக யாரோ சொன்ன ஒரு பேச்சு ஊர் முழுக்கப் பரவினால் என்ன ஆகும் என்று இப்போது அவர்களுக்குப் புரியும். பாண்டியனைப் போல் கையை வெட்டிக்கொள்ளும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அந்தக் கை ஒரு கடிதம் எழுதினால் போதும். ஷியானோ நியூ ஜெர்சியில், ரட்கர்ஸில்தான் இருக்கிறார்.