இலையின் அடிப்பக்கம்

பிரான்சின் மோம்பெலியே நகருக்கு வடக்கே ஒரு திராட்சைத் தோட்டம். காலை, காற்று இன்னும் எழவில்லை.

சிரா ரகத் திராட்சை இலை ஒன்றைப் பறித்துத் திருப்பினேன். அடிப்பக்கம் பஞ்சு படிந்தாற்போல் இருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, நரம்புகள் பிரியும் கவட்டில் ஏதோ நகர்ந்தது. கலங்கிய பனித்துளியின் நிறம், எட்டுக் கால்கள், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு. நின்றால் மறைந்துவிடுகிறது; ஓடினால்தான் கண்ணுக்கு அகப்படுகிறது. வேட்டைச் சிலந்திப்பேன். காம்பிமோட்ரோமஸ் அபெரன்ஸ் என்ற இனமாக இருக்கலாம். நுண்ணோக்கியில் முதுகு ரோமங்களை எண்ணாமல் பெயர் சொல்வது தப்பு.

இதற்குக் கண் கிடையாது. முன்னங்கால்களைத் தூக்கித் துழாவியபடி போகிறது. இலைச்சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப்பேன் இதன் இரை. இரை கிடைக்காத நாட்களில் பறந்து வந்து ஒட்டிய மகரந்தத்தைத் தின்று பிழைத்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது இந்தக் குணம்தான். பசி அதைத் தோட்டத்தைவிட்டுத் துரத்துவதில்லை. செஞ்சிலந்திப்பேன் வரும்போது இது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

அடுத்த வரிசை கிரெனாஷ் ரகம். இலை வழவழவென்று இருக்கிறது. மூன்று இலை திருப்பினேன், ஒன்றையும் காணோம். ஒளிய இடமில்லாத வீடு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி போன்ற பூச்சி மருந்துகள் வந்தன. புழு செத்தது, வேட்டைப்பேனும் செத்தது. அதன்பின் ஐரோப்பியத் தோட்டங்களில் செஞ்சிலந்திப்பேன் பெருகியது. மான்கோசெப் என்ற பூஞ்சை மருந்துக்கும் இதே பழி உண்டு.

தோட்டத்து ஓரத்தில் ஓக் மரங்கள், ஒரு மிகோகூலியே மரம், பேர் தெரியாத புதர்கள். வெட்டிவிட்டால் இன்னும் இரண்டு வரிசை நடலாம் என்று தோன்றும் இடம். அந்த ஓக் இலையின் அடியிலும் அதே பஞ்சு, அதே ஓட்டம். 1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இந்த லாங்டாக் வட்டாரத் தோட்டங்களில் காற்றோடு வரும் வேட்டைப்பேன்களைப் பிடித்துப் பார்த்தார்கள். இறக்கையில்லாத இவை காட்டோரத்திலிருந்து காற்றேறித்தான் வந்துகொண்டிருந்தன. கண்ணும் இல்லாமல், இறங்கும் இடமும் தெரியாமல்.

வேட்டைப்பேன் குறைந்த தோட்டத்துக்கு, அது நிறைந்த தோட்டத்தில் கழித்த கொடிகளைக் கொண்டுபோய்ச் செடிமேல் போட்டுவைப்பது இங்கே வழக்கம். கையிலிருந்த சிரா இலை வாடத் தொடங்கியிருந்தது. அதைக் கிரெனாஷ் கொடியின் கவட்டில் செருகிவிட்டு நின்றேன். பேன் இலை விளிம்புவரை வந்தது. முன்னங்காலைத் தூக்கியது. திரும்பிப் பஞ்சுக்குள் போய்விட்டது.