உப்பும் தாடியும்

உப்பிட்ட அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தவன் எதுவரை கட்டுப்பட்டவன்? 1806-ல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் முன் எழுந்த கேள்வி இது. கும்பெனியின் சென்னைப் படையில் புது உத்தரவு வந்தது: இந்துக்கள் நெற்றிக்குறி இடலாகாது, முஸ்லிம்கள் தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை எல்லோரும் அணிய வேண்டும். மே மாதத்தில் மறுத்தவர்களுக்குக் கிடைத்தது கசையடி.

ஒப்பந்தம் என்றால் இரு தரப்பு உண்டென்பது வியாபாரிகளான நமக்குத் தெரியாததா? சிப்பாய் சம்பளத்துக்குக் கொடுத்தது உழைப்பை, வேண்டுமானால் உயிரையும். மார்க்கத்தை அவன் விலை பேசவில்லை. முதலில் வாக்கை மீறியது கும்பெனிதான் என்பேன். ஆனால் ஜூலை 10 விடியுமுன், தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சோல்ஜர்களைச் சுட்டார்களே, அதற்கு நியாயம் சொல்ல எனக்கு நா வரவில்லை. அன்றே ஆற்காட்டுக் குதிரைப்படை வந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. பிறகுதான் உத்தரவு வாபஸாயிற்று. 1807-ல் கவர்னர் பெண்டிங் பிரபுவும் சேனாதிபதி கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டார்கள்.