சந்தோஷமா... எவ்வளவு?

அணுபுரத்தில் குடியிருக்கும் வாசகர்களுக்கு இது பழகிப்போன காட்சியாகத்தான் இருக்கும். கல்பாக்கத்தில், அணுசக்தித் துறையில் இருபது முப்பது வருடங்கள் வேலை பார்த்தவர் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். வாசலில் லாரி வந்து நிற்கிறது. கட்டில், கிரைண்டர், புத்தகப் பெட்டிகள், துணி சுற்றிய சுவாமி படங்கள், பாட்டி காலத்து வெண்கல உருளி என்று ஒவ்வொன்றாக இறங்குகின்றன. கடைசியில் பீரோ! இரண்டு பேர் கீழே தாங்க, இரண்டு பேர் மேலே பிடிக்க, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நிமிடம் எல்லோருக்குமே மூச்சு நின்றுவிடுகிறது. ஒரு வழியாக பீரோவும் லாரியில் ஏறிவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவர்களில் மூத்தவர் வந்து நிற்கிறார்.

'சந்தோஷமா ஏதாவது குடுங்க சார்!'

கம்பெனிக்குப் பேசிய தொகையை வரியோடு கட்டியாகிவிட்டது. ரசீதும் கையில் இருக்கிறது. பிறகு இது எதற்கு? கொடுப்பது என்றால் எவ்வளவு? கொடுக்காமல் அனுப்பினால் பாவமா?

'இதையெல்லாமா ஒரு பக்திப் பத்திரிகையில் எழுதுவது?' என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உண்டியலில் ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்துப் போடும்போது நம் கை தயங்குவதே இல்லை. வெளியே வந்ததும் செருப்பைப் பார்த்துக்கொண்டவரிடம், 'சில்லறை இல்லையே தம்பி' என்று சொல்வதும் அதே கைக்குச் சொந்தக்காரர்தான். எதிரில் நிற்பவர் மனிதர் என்றால் கணக்குப் பார்க்கிறோம். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால், அந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறோமா?

'டிப்ஸ்' என்பது நேற்று வந்த வார்த்தை. அதற்கு முன்பே நம்மிடம் எத்தனை வார்த்தைகள்! கூலி, பேட்டா, இனாம், சன்மானம், தட்சணை, காபிச் செலவு, மாமூல்... ஒரே பத்து ரூபாய்தான். வேலைக்கு ஈடாகக் கொடுத்தால் கூலி. வித்தைக்கு மரியாதையாகக் கொடுத்தால் சன்மானம். வெற்றிலைப் பாக்கோடு கொடுத்தால் தட்சணை. பயந்துகொண்டு கொடுத்தால் மாமூல்! இதில் எந்த வார்த்தைக்கு உரிய பணத்தை நீட்டுகிறோம் என்று தெரிந்தால்தான், எவ்வளவு என்ற கேள்விக்கே போக முடியும்.

கூலியாளாக சிவபெருமானே வந்த கதை நமக்கு இருக்கிறது. அணுபுரத்துக்குப் பக்கத்திலேயே திருக்கழுக்குன்றம். அங்கே பதிகம் பாடிய மாணிக்கவாசகரின் வரலாற்றோடு சேர்ந்த கதை அது. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் கட்டளை. புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. அப்போது ஒருவன் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நிற்கிறான், 'கூலிக்கு ஆள் வேண்டுமா?' என்று கேட்டபடி. அவளிடம் கொடுக்கக் காசு இல்லை, புட்டுதான் இருந்தது. உதிர்ந்த புட்டெல்லாம் கூலி, உதிராமல் வந்தது விற்பனைக்கு என்று பேசி முடிக்கிறார்கள். அன்றைக்குப் பார்த்து வைத்த புட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று! வயிறு முட்டச் சாப்பிட்டவன், கரையில் போய் மண்ணைக் கொட்டுவதும் ஆடுவதும் பாடுவதும் தூங்குவதுமாகப் பொழுதைக் கழிக்கிறான். பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடிக்க, அந்த அடி அவன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது என்பது புராணம். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இதை லீலையாக நடத்துகிறார்கள்.

பிரம்படியைத்தான் நாம் எல்லோரும் பேசுவோம். எனக்கு எப்போதும் முந்தைய காட்சியில்தான் கண் போகிறது. என்ன கூலி என்பதை வேலைக்கு முன்பே இருவரும் வெளிப்படையாகப் பேசிவிட்டார்கள். வேலை நடப்பதற்கு முன்பே கொடுத்தும் ஆயிற்று. பசியோடு யாரும் மண் சுமக்கப் போகவில்லை. அன்று உதிர்ந்தது அத்தனையும் அவளுடைய ஒரு நாள் பிழைப்பு. 'பேச்சு வேறு, இன்று பாதி வாங்கிக்கொள்' என்று அவள் பேரம் பேசவில்லை. வாங்கியவனும், 'சந்தோஷமா இன்னும் கொஞ்சம்' என்று கேட்கவில்லை. கூலி என்பது இப்படி நேராக இருந்துவிட்டால், அதற்கு மேல் இனாம் என்ற பேச்சே எழாது.

நம்முடைய சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீடு மாற்றித் தரும் கம்பெனிக்கு நீங்கள் கட்டிய பணத்தில், பீரோவைத் தூக்கியவருக்கு எவ்வளவு போகிறது என்று ரசீதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? டீசலுக்கு இவ்வளவு, அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு, இன்ஷூரன்ஸுக்கு இவ்வளவு என்று இருக்கும். தோளுக்கு எவ்வளவு? அது மட்டும் இருக்காது. அவர் கேட்கிற 'சந்தோஷம்' பல சமயங்களில் சந்தோஷமே இல்லை. கூலியில் விடுபட்ட பாக்கி.

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய் வந்த வாசகர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அந்தத் தொகை உயரவே இல்லை. மீதியைச் சாப்பிட வருபவர் தலையில் கட்டிவிட்டார்கள்! ஜப்பானில் நேர்மாறு. டிப்ஸ் வைத்துவிட்டு வந்தால், 'மறந்துவிட்டீர்கள்' என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்வதுண்டு.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கும் இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்தப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதே காலத்து ஓலைச்சுவடிக் கணக்குகளும் கிடைத்திருக்கின்றன. திருப்போரூர்க் கணக்கு புத்தகமாகவே வந்திருக்கிறது. களத்தில் நெல்லைக் குவித்ததும் யார் யாருக்கு எவ்வளவு என்று அதில் பார்க்கலாம். கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரிக்கு ஒரு பங்கு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவல்காரர் என்று வரிசையாக ஒவ்வொருவருக்கும் பங்கு. இதற்கு மேரை, சுதந்திரம் என்றெல்லாம் பெயர். ஆமாம், 'சுதந்திரம்' என்றே பெயர்! உரிமையாக வருவது என்று பொருள். சுவாமிக்கு அளந்த அதே களத்தில், அதே நாளில், துணி வெளுத்தவருக்கும் அளந்தார்கள்.

உடனே, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். மரக்கால் யார் கையில் இருந்தது என்று ஒரு கேள்வி இருக்கிறதே! வயலில் இறங்கி உழைத்தவர்களில் பலருக்கு எழுந்து வேறு ஊர் போகும் உரிமைகூட இல்லாத காலம் அது. ஆனாலும் ஒன்று: பங்கு எவ்வளவு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் நிற்கவேண்டிய அவசியம் அந்த ஒரு விஷயத்திலாவது இல்லை.

சரி, மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். கொடுப்பதே பழகிப்போனால் கேட்பது அதிகாரமாகிவிடும். பக்கத்துக் கேரளத்தில் 'நோக்குக் கூலி' என்று ஒன்று இருந்தது. உங்கள் சாமானை நீங்களே இறக்கிக்கொள்ளலாம். ஆனால், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுமை தூக்குவோருக்கும் கூலி கொடுத்தாக வேண்டும்! 2018 மே முதல் தேதியிலிருந்து அந்த மாநில அரசு அதைத் தடை செய்தது. நம் வீட்டு வாசலுக்கே வாருங்கள். சிலிண்டர் விலையிலேயே வீட்டில் கொண்டுவந்து தரும் செலவும் அடக்கம். ஆனாலும் ரசீதுத் தொகைக்கு மேல் ஏதாவது வைக்காமல் இருக்க முடிகிறதா? 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம் அது. நாம் ஏன் கொடுக்கிறோம்? மூன்று மாடி சுமந்தாரே என்ற இரக்கம் கொஞ்சம். அடுத்த சிலிண்டர் தாமதமாகிவிடுமோ என்ற பயம் அதிகம். பயத்தில் கொடுத்துவிட்டு, 'தர்மம் செய்தோம்' என்று கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

கோயிலுக்குள்ளும் இதே கதைதான். மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. முடி எடுக்கும் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் ஏற்பாடானது. நல்ல காரியம். ஆனால், அறிவிப்புப் பலகைக்குக் கீழேயே கை நீளுகிறது என்று பக்தர்கள் சொல்வது நின்றபாடில்லை. மடியில் குழந்தை, பாதி மழித்த தலை... அந்த நேரத்தில் எந்தத் தாயால், 'தர முடியாது' என்று சொல்ல முடியும்? கத்தி தலையில் இருக்கும்போது கேட்பதற்கு நம் மொழியில் 'இனாம்' என்று பெயர் இல்லை. அதே சமயம், மாதம் 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் நடக்குமா என்றும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட விழாமல், அழவிடாமல் சிரிக்கவைத்து எடுத்துவிட்டவருக்கு, வேலை முடிந்த பின், நீங்களாக ஒரு தாளை நீட்டினால் அது முற்றிலும் வேறு.

தட்டுக்காசும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் மதுரையில் ஒரு முருகன் கோயிலில், பக்தர்கள் தட்டில் போடும் காசை உண்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெறப்பட்டது. பெரிய கோயில்களை விடுங்கள். விளக்கெண்ணெய்க்கே தடுமாறும் கிராமத்துக் கோயில்களை நினைத்துப் பாருங்கள். ஒரு கால பூஜைத் திட்டத்திலுள்ள கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பதே 2021-ல்தான் தொடங்கியது. அங்கே தட்டில் விழும் காசு டிப்ஸ் அல்ல. அவர் வீட்டு அரிசி. கூட்டத்தைத் தாண்டி முன்னால் நிற்பதற்காக, மாலை வாங்கிக்கொள்வதற்காக நீட்டும் தாள் மட்டும்தான் உறுத்த வேண்டும். அதில் வாங்குபவரைவிடக் கொடுப்பவருக்கே பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த பீரோ தூக்கியவர்களிடம் திரும்ப வருவோம். யோசித்தால் ஒன்று தெரியும். சிலிண்டர்காரர் அடுத்த மாதம் வருவார். ஓட்டல் சர்வரை மறுபடி பார்ப்போம். இவர்களை நீங்கள் இனி பார்க்கப் போவதே இல்லை! கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. சாமான் ஏறிவிட்டது, ரசீது கையில் இருக்கிறது. அதனால்தான் இங்கே கொடுப்பது சுத்தமானது. திருப்பி எதையும் எதிர்பார்க்க வழியே இல்லாத ஒரு கொடை, நம் வாழ்க்கையில் எத்தனை முறை வாய்க்கிறது?

எவ்வளவு என்று கேட்டீர்களே... என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு ஆள், ஒரு வேளை, நல்ல ஓட்டலில் வயிறாரச் சாப்பிட ஆகும் காசு. தலைக்கு அவ்வளவு என்பது குறைந்தபட்சம். வந்தி கொடுத்ததும் அதுதானே! இன்றைய விலைவாசியில் நூறு, நூற்றைம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி, வெயில், பியானோ மாதிரி கனக்கும் பழைய தேக்குக் கட்டில் என்றால் அதை இரண்டு மடங்காக்குங்கள். கண்ணாடி உடைத்தார்கள், பேசியதற்கு மேல் பாதி வேலையில் நிறுத்திவைத்துக் கேட்டார்கள் என்றால் ஒன்றும் தரவேண்டியதில்லை. கம்பெனியில் புகார் செய்யுங்கள், அதிலும் பாவம் ஒன்றுமில்லை. மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்து, 'பிரிச்சுக்குங்க' என்று சொல்லாதீர்கள். பிரிக்கும்போது வயதில் சின்னவருக்குக் குறையும். ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுங்கள். 'சில்லறை இல்லை' என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது. அவர்கள் போனிலும் ஜிபே இருக்கிறது. ஆனாலும் தாளாகக் கொடுப்பதே நல்லது. கையில் வாங்கியதை மேஸ்திரியால் பிடித்துக்கொள்வது கஷ்டம்.

காலையில் வந்தவுடனேயே காபியும் இட்லியும் கொடுத்துவிடுங்கள். பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது என்பீர்கள். வாங்கி வரச் சொன்னால் ஆயிற்று. குடிக்கத் தண்ணீர்ப் பானையைக் கடைசிப் பெட்டியில் போடுங்கள்.

டிரைவரை மறந்துவிடாதீர்கள். அவர் ஒரு பெட்டியையும் தூக்கியிருக்க மாட்டார். ஆனால், மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்து உங்கள் பூஜை அறையைச் சுமந்து போகப் போகிறவர் அவர்தான். அவருக்குத் தனியாகக் கொடுங்கள். இன்னொன்று, சாமான் இறங்கப்போகும் ஊரில் வேறு நான்கு பேர் வந்து நிற்பார்கள். அவர்களும் அதே பீரோவைத்தான் மாடிக்கு ஏற்ற வேண்டும். அந்தப் பணத்தையும் இங்கேயே எண்ணி, ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த அலுப்பில் தேடினால் கிடைக்காது.